ஆடியில் எங்கே இருந்தாள்

கதவைச் சாத்திப் பதினெட்டு நிமிடம் ஆகிவிட்டது. ஒருத்தியிடம் கேட்க அப்படி என்னதான் இருக்கிறது. பெயர், பாஸ்போர்ட் எண், கல்யாணத் தேதி, வீட்டில் எத்தனை அறை, குழம்பு யார் வைப்பது. மூன்று நிமிடம். என் மனைவி ஹானுக்குத் தமிழ் கொஞ்சம் நின்று நின்று வரும், அதற்காக ஐந்து என்றே வைத்துக்கொள்ளலாம். மீதிப் பதின்மூன்று நிமிடம் உள்ளே என்ன நடக்கிறது. கதவில் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள், அதிலும் பாதிக்கு மேல் ஏதோ அறிவிப்பை ஒட்டி மறைத்திருக்கிறார்கள். கீழே மிச்சமிருக்கும் நாலு விரல்கடை வழியாக நாற்காலிக் காலும் அவளுடைய பழுப்பு நிறச் செருப்பும் மட்டும் தெரிகின்றன. இடது கால் வலது காலின் மேல் ஏறியிருக்கிறது. பயந்தவர்கள் அப்படி உட்காரமாட்டார்கள். பன்னிரண்டு வருடமாக இன்சூரன்ஸ் சர்வேயராக இருக்கிறேன், எரிந்த குடோன், கவிழ்ந்த லாரி, நனைந்த நூல் மூட்டை என்று பார்த்தவன். ஜனங்கள் பொய் சொல்லும்போது கால் இரண்டும் தரையில் ஒட்டிக்கொள்ளும். நிஜம் சொல்கிறவர்கள்தான் காலை ஆட்டுவார்கள். அப்படியானால் ஹான் நிஜத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாளா. சொல்லக்கூடாது என்றல்லவா நான்கு நாளாகப் பாடம் நடத்தினேன். என் கால்களைக் குனிந்து பார்த்தேன். இரண்டும் தரையில் இருந்தன. வலது காலைத் தூக்கி இடது காலின் மேல் போட்டேன். எதிரே நின்ற காவலாளி பார்த்தான், திரும்ப இறக்கிவிட்டேன். இவர்களெல்லாம் சும்மா நிற்பதில்லை. வெளியே காத்திருக்கிறவன் எப்படி உட்கார்ந்திருந்தான் என்று உள்ளே போய்ச் சொல்வதற்கும் ஒருவன் இருப்பான். நானாக இருந்தால் அப்படித்தான் ஏற்பாடு செய்திருப்பேன்.

செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில்தான் அவளை முதலில் பார்த்தேன். பசை வைத்திருந்த குடோன் எரிந்துபோய் கிளெய்ம் போட்டிருந்தார்கள். பதினோரு பேரை விசாரித்தேன். பதினோரு பேரும் ‘பத்து இருபதுக்குப் பொறி பறந்துச்சு சார், நாங்க மணலை எடுத்துக்கினு ஓடினோம்’ என்றார்கள். ஒரு வார்த்தை முன்னே பின்னே இல்லை. அப்போதே எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நடந்த விஷயத்தை இரண்டு பேர் ஒரே மாதிரி சொல்லவேமாட்டார்கள், ஒருவனுக்குப் பத்தேகால், ஒருவனுக்குப் பத்தரை. ஒன்றுபோல வந்தால் யாரோ உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டாவதாக இவள் வந்தாள். வியட்நாமிலிருந்து தையல் லைனுக்கு வேலை பழக்க வந்தவள், பெயர் ங்குயென் தி ஹான், கழுத்தில் அடையாள அட்டை, கையில் பாதி தின்ற கொய்யா. ‘நா சாப்ட்டுகினு இருந்தேன். பாக்கல’ என்றாள். லைனில் இருக்கும் பெண்களிடம் கற்ற தமிழ். எத்தனை மணி என்றேன். ‘தெரியாது. பசி’ என்றாள். அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன், வேறு எதிலும் இல்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் ஏதேதோ சாக்கு வைத்துச் செய்யாறுக்குப் போனேன். ஜூன் பதினொன்றில் கல்யாணம். ஜூன் முப்பதில் அவளுடைய வேலை விசா முடிகிறது. நடுவில் பத்தொன்பது நாள். இந்தப் பத்தொன்பதை நான் கல்யாண மேடையிலேயே எண்ணிவிட்டேன், ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே. வேறு ஒருவனின் ஃபைலில் இந்த இரண்டு தேதியும் அடுத்தடுத்து இருந்திருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன். எண்ணினதற்கு வெட்கமும்பட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே இன்னொரு முறை எண்ணினேன்.

கல்யாணத்துக்கு அவள் பக்கத்திலிருந்து யாரும் வரமுடியவில்லை. பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுக்க ஒரு அப்பா அம்மா வேண்டுமே. பெரியம்மாவும் பெரியப்பாவும் நிற்கிறோம் என்று முன்வந்தார்கள். என் அம்மாவுக்கு வந்ததே கோபம். ‘அறிவிருக்காடா ஒனக்கு? பெரியம்மா மடியில உக்காந்தா அவ ஒனக்குத் தங்கச்சி ஆயிடுவா. எந்தம்பி பொண்ணா நின்னாத்தான் மொறை வரும்’ என்றாள். அரக்கோணத்திலிருந்து தாமோதரன் மாமாவும் பூங்காவனம் அத்தையும் வந்தார்கள், ஹானை மடியில் உட்காரவைத்தார்கள், ஒரே காலையில் அவள் என் மாமன் மகள் ஆகிவிட்டாள். கல்யாணப் பத்திரிகையிலும் அப்படியே, அரக்கோணம் தாமோதரன் பூங்காவனம் தம்பதியரின் புதல்வி. அந்தப் பத்திரிகையைத்தான் அவளுடைய புது விசாவுக்காக, கல்யாணத்துக்கு அத்தாட்சியாக இந்த ஆபீசில் கொடுத்திருக்கிறேன். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒன்று, பத்திரிகையில் அப்பா பெயர் இன்னொன்று. கொடுக்கும்போது உறைக்கவில்லை. ஊரார் ஃபைலில் எழுத்துப் பிழை வரை பிடிக்கிறவனுக்குத் தன் ஃபைலில் பெண்டாட்டிக்கு இரண்டு அப்பா இருப்பது தெரியவில்லை. இப்போது அந்தப் பத்திரிகையை மேஜைமேல் வைத்துக்கொண்டு அந்த ஆபீசர் மேடம் கேட்டுக்கொண்டிருப்பாள். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிற மேடம். சாந்தமாகத்தான் இருந்தாள். சாந்தமானவர்களைத்தான் நான் நம்புவதில்லை. ‘முதல்ல அவங்க, அப்புறம் நீங்க. நடுவுல ரெண்டு பேரும் பேசிக்கக்கூடாது சார்’ என்று, டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

எல்லாம் அந்த ஆடியால் வந்தது. கல்யாணமாகி முதல் ஆடி, பெண் அம்மா வீட்டுக்குப் போயாகவேண்டும், புருஷன் அந்தப் பக்கம் தலைவைக்கக்கூடாது. அம்மா ஒரே பிடியாக நின்றாள். இவளுக்கு அம்மா வீடு கடல் தாண்டி அல்லவா இருக்கிறது என்றேன். ‘அரக்கோணம் எதுக்கு இருக்கு? மடியில உக்காந்தா இல்ல?’ என்றாள். மாமா சீர்த்தட்டோடு வந்து மாங்காட்டில் எங்கள் வீட்டிலிருந்து அழைத்துப் போய்விட்டார். கிளம்பும்போது ஹான் என்னைத் தனியே கூப்பிட்டு, ‘போலீஸ்ல சொல்லணுமா? எங்க ஊர்ல வேற வூட்ல தங்கினா சொல்லணும்’ என்று கேட்டாள். நான் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். அம்மா வீட்டுக்குப் போகிறவள் போலீஸில் சொல்லிவிட்டுப் போவாளா என்று அம்மாவையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தேன். ஹானும் சிரித்தாள், ஆனால் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். அந்த மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இருக்கிறது என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, ஆவடி வந்து மின்சார ரயில் பிடித்து அரக்கோணம் போவேன். மாமா வீட்டு வாசல்படி ஏறமுடியாது, ‘ஆடி முடியட்டும் மாப்ளே’ என்று சிரித்துக்கொண்டே வழியனுப்பிவிடுவார். அதனால் அவள் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு வருவாள். பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சில், தண்ணீர்க் குழாயை ஒட்டி உட்கார்ந்திருப்போம். கட்டின பெண்டாட்டியைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருந்தது, இல்லையென்று சொன்னால் அதுவும் பொய். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். ஸ்டேஷன் கடைத்தெருவிலிருந்து வருகிற பாதையில் வரவில்லை, எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தாள். செருப்பெல்லாம் செம்மண். வரும்போதே ஒரு காகிதத்தை நான்காக மடித்துக் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்தாள். எங்கே போனாய் என்றேன். ‘சும்மா’ என்றாள். சும்மா போனால் செருப்பில் ஏன் செம்மண். சும்மா வாங்கின காகிதத்தை ஏன் உள் ஜிப்பில் வைக்கவேண்டும். அவள் பையை நான் திறந்து பார்க்கவில்லை. திறக்காதது நல்ல குணத்தால் இல்லை, திறந்தால் தெரிந்துவிடுமே என்றுதான்.

அவள் அங்கே இருந்தபோது, ஒரு ஆடி வெள்ளிக்கிழமை, விசா விண்ணப்பத்தைச் சரிபார்க்க மாங்காட்டு வீட்டுக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். நான் வேலூர்ப் பக்கம் ஒரு லாரியைப் பார்க்கப் போயிருந்தேன். அம்மா மோர் கொடுத்து, மருமகள் ஆடிக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறாள். அவருக்குப் புரியாமலா இருக்கும், அவர் வீட்டிலும் ஆடி வந்திருக்கும். மோரைக் குடித்துவிட்டு, கையில் இருந்த தாளின் கட்டத்தில் கொள்கிற அளவுக்கு, முகவரியில் இல்லை என்று மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து இந்த ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. கள விசாரணையில் மனைவி முகவரியில் இல்லை எனத் தெரிகிறது, இருவரும் நேரில் வரவும், தகவல் தவறெனக் கண்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு மனைவி நாட்டை விட்டு வெளியேற நேரிடும். அதன் பிறகுதான் விதியைத் தேடிப் படித்தேன். வெளிநாட்டுக்காரர் யார் வீட்டில் தங்கினாலும் ஒரு நாளுக்குள் தெரிவிக்கவேண்டுமாம், தெரிவிக்காவிட்டால் வீட்டுக்காரர் மேல் வழக்காம். மாமா ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர், பச்சைக் கொடியைக்கூட இன்னும் மடித்து பீரோவில் வைத்திருக்கிறவர், எழுபது வயதில் அவர் மேல் கேஸா. அதனால் முடிவுசெய்தேன். ஆடி முழுக்க ஹான் மாங்காட்டில்தான் இருந்தாள். போலீஸ்காரர் வந்த அன்றைக்கு மட்டும் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் வரிசையில் நின்றிருந்தாள். நான்கு நாள் அவளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். எத்தனை மணிக்குப் போனாய், பத்தரைக்கு. எந்தச் செம்பு எடுத்துப் போனாய், பித்தளைச் செம்பு. நடுவில் ஒருமுறை அவள், ‘எங்கிட்ட ஒரு பேப்பர்...’ என்று ஆரம்பித்தாள். பேப்பரெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ செம்பைச் சொல் என்றேன். ‘சரி’ என்றாள். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் சரி. அந்தச் சரியை அப்போது சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இங்கே உட்கார்ந்து யோசித்தால் அது கேட்டாயிற்று என்பதற்குச் சொல்கிற சரிபோலத்தான் இருக்கிறது.

உள்ளே சிரிக்கிறார்கள். மேடத்தின் சிரிப்பு, பிறகு ஹானின் சிரிப்பு, பிறகு இரண்டும் சேர்ந்து. விசாரணையில் என்ன சிரிப்பு. செருப்பைப் பார்த்தேன், கால் ஆடிக்கொண்டிருக்கிறது. என்னை வைத்துத்தான் சிரிக்கிறார்கள், சந்தேகமே இல்லை. இவளுக்குச் சிரிக்க என்ன இருக்கிறது, விசா போனால் பெட்டியைக் கட்டவேண்டியவள். ஒருவேளை போவதில் அவளுக்குக் கஷ்டமில்லையோ. தினமும் சாயங்காலம் துவான் என்று ஒருவன் போன் செய்வான். அண்ணன் என்பாள். அண்ணனாகவும் இருக்கலாம். ஒரு நாள் அவள் பேச்சை என் போனில் பதிவுசெய்து, மொழிபெயர்க்கிற செயலியில் போட்டுப் பார்த்தேன். மழை, பன்றி, கூரை ஓடு, மழை, அம்மாவின் முட்டி என்று வந்தது. சாதாரண மனுஷன் அத்தோடு விட்டிருப்பான். நான் ஒரு வாரம் யோசித்தேன், பன்றி என்பது எதற்கு அடையாளச் சொல்லாக இருக்கும் என்று. இந்தப் புத்தியை வைத்துக்கொண்டு நான் குடும்பம் நடத்துகிறேன். சரி, இப்போது கணக்கைப் பார். அவள் மாங்காடு என்று சொல்லி நானும் மாங்காடு என்று சொன்னால் தப்பித்தோம். அவள் அரக்கோணம் என்று சொல்லி நான் மாங்காடு என்றால் தொலைந்தோம். நான் அரக்கோணம் என்று நிஜத்தைச் சொல்லி, அவள் சொல்லிக்கொடுத்தபடி மாங்காடு என்று சொல்லியிருந்தால், என்னை நம்பியதற்கு அவளைப் பொய்க்காரி ஆக்கியவன் நானாகிவிடுவேன். அவள் எதைச் சொல்லியிருப்பாள். சாப்ட்டுகினு இருந்தேன், பாக்கல என்று சொன்னவள் எதைச் சொல்லியிருப்பாள். இதற்குப் பதில் எனக்குத் தெரியும், வேறு யாருடைய பெண்டாட்டியாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். என் பெண்டாட்டி என்பதால் பயம் வருகிறது. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நானும் அம்மாவும் என் மூளையும் மட்டும் இருப்போம். 

கதவு திறந்தது. ஹானை வேறு பக்கக் கதவு வழியாக அனுப்பிவிட்டிருந்தார்கள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி சூடாக இருந்தது. மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயர், வேலை, வீட்டில் எத்தனை அறை என்றெல்லாம் கேட்டாள். பத்திரிகையில் இருந்த அப்பா பெயரைக் கேட்பாள் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டு, ‘ஜூலை பதினேழுல இருந்து ஆகஸ்ட் பதினாறு வரைக்கும் உங்க மனைவி எங்க இருந்தாங்க?’ என்றாள். வீட்டில்தான் மேடம் என்றேன். மாங்காட்டிலா? மாங்காட்டில்தான். போலீஸ்காரர் வந்த அன்றைக்கு? கோயிலில் கூழ் ஊற்றினார்கள், பத்தரைக்குப் போனாள், பித்தளைச் செம்பு எடுத்துப் போனாள். செம்பைச் சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்காததைச் சொல்கிறவன்தான் பொய்யன் என்று எத்தனை பேர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

மேடம் ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள். நான்காக மடித்த தடம் அப்படியே இருந்தது. அரக்கோணம் காவல் நிலையத்தின் முத்திரை, தேதி ஆடி இரண்டாவது ஞாயிறு. என் கணவரின் மாமாவும் எனக்கு இங்கே அப்பாவுமான தாமோதரன் வீட்டில் ஆடி முடியும்வரை தங்கியிருக்கிறேன் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோலப் பெரிய பெரிய தமிழ் எழுத்தில், கீழே அவள் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் வீட்டு உரிமையாளர் என்று மாமாவின் கையெழுத்து. யாருக்காக நான் பொய் சொன்னேனோ அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

‘நாள் தாண்டித்தான் கொடுத்திருக்காங்க. ஆனா தானாப் போய்க் கொடுத்திருக்காங்க’ என்றாள் மேடம். ‘ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை நீங்க பிளாட்பாரத்துக்கு வந்து உக்காந்ததையும் சொன்னாங்க. முப்பது வருஷ சர்வீஸ்ல விசாவுக்காகப் பண்ற பேப்பர் கல்யாணம் எவ்வளவோ பாத்துட்டேன் சார். அவங்கல்லாம் எப்பவும் ஒண்ணாவேதான் இருப்பாங்க, போட்டோவோட. பொண்டாட்டியை ஆடிக்கு அனுப்பிட்டேன்னு யாரும் வந்ததில்ல. அவங்க பேப்பர்ல எனக்குச் சந்தேகமே கெடையாது.’

நான் தலையாட்டினேன்.

‘இப்ப இந்த ஃபைல்ல பொய் சொல்லியிருக்கறது நீங்க ஒருத்தர்தான். அதையும் அவங்க முன்னாடியே சொல்லிட்டாங்க. எங்க வூட்டுக்காரர் வேற சொல்லுவாரு, எங்க அரக்கோணம் அப்பாவுக்குக் கஷ்டம் வரக்கூடாதுன்னு சொல்லுவாரு, கோச்சிக்காதீங்கன்னு.’ ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள். ‘வெளிய உக்காந்து நடந்ததை உங்க கைப்பட எழுதிக் கொடுங்க. அதை வச்சு நான் மேல அனுப்பறேன். ஒரு மணிக்குள்ள.’

வெளியே வந்தேன். முன்பு நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் ஹான் இருந்தாள். மடியில் கைப்பை, உள் ஜிப் திறந்தபடி. உட்கார்ந்தேன். தாளை அட்டைமேல் வைத்துத் தேதி போட்டேன். கிளெய்ம் போட்டவர்களை நானும் இப்படித்தான் கைப்பட எழுதச் சொல்வேன், சொந்த எழுத்து நடுங்கும் என்பதற்காக.  ஆடி மாதம் என் மனைவி அவளுடைய அம்மா வீட்டில் இருந்தாள் என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். இந்த ஒரு வரியை உள்ளே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் என் பொய்யை முன்னாலேயே பார்த்து, அதற்குள் இருந்த ஒரே நல்ல காரணத்தைத் தேடி எடுத்து, எனக்காக உள்ளே கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். நான் அவளுக்காக அப்படி ஒன்றைத் தேடினதே இல்லை.

‘அன்னிக்கு ஸ்டேஷன்ல வந்து என்கிட்ட சொல்லியிருக்கலாமே’ என்றேன்.

‘நீ சிரிச்ச. அதான் சொல்லல’ என்றாள். பிறகு, ‘நா லேட்டா வந்தேன் இல்ல, அப்போ நீ இன்னா நெனச்ச?’ என்று கேட்டாள். சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

ஒன்றுமில்லை என்று வாய்வரை வந்துவிட்டது. காலையிலிருந்து போதுமான அளவு பொய் சொல்லியாயிற்று. அதனால் நினைத்ததைச் சொன்னேன். செருப்பில் இருந்த செம்மண்ணைச் சொன்னேன், மடித்த காகிதத்தைச் சொன்னேன், துவானைச் சொன்னேன், போனில் பதிவுசெய்ததைச் சொன்னேன், பத்தொன்பது நாளைச் சொன்னேன். எல்லாம் குறைந்த குரலில், காவலாளிக்குக் கேட்காதபடி.  பத்தொன்பது நாள் என்றபோது அவள் விரலை மடக்கி ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

‘போலீஸ் ஸ்டேஷன்ல கூட யாரும் என்னை அப்படி நெனக்கல’ என்றாள்.

மடியில் இருந்த பையை எடுத்தாள். எழுந்து, ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். எங்களுக்கு நடுவில் காலியான நாற்காலியில் பையை வைத்தாள்.

‘எழுது’ என்றாள். ‘ஒரு மணி ஆவப்போவுது.’